கம்பி விட்டுக் குத்தாதே, கண்ணு

பெருந்துறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படத்தை உன் அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, பனியில் ஓட்டும் உன் வண்டியின் இரண்டு கார்புரேட்டர்களையும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கருவிகளை, பிரித்துப் பரப்பியிருக்கிறாய். பெட்ரோல் நாற்றத்தை மருமகள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் என்று அம்மா கேட்டாள். மேசை ஓரத்தில் ஒரே ஒரு காப்பிக் கோப்பை இருந்ததை நானும் பார்த்தேன், பதில் சொல்லவில்லை. மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால், எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புகிறேன்.

பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டி என்றாய். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. அந்தப் பிசின் முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் விடும் சின்னத் துண்டை. அதன் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அது அடைபட்டால் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் ஐடிலில் நிற்காது. ரப்பர் வளையங்களையெல்லாம் முதலில் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டர் கிளீனரில் ஜெட்டை ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். கம்பி விட்டுக் குத்தாதே. காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வை. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப் எந்த வெட்டில் இருந்தது என்பதையும் எழுதி வை.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எழும்பிக் காற்றுக்கு வழி விடும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். உன் அப்புச்சியின் காங்கேயம் சோடியில் ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வண்டி எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஆக்சிலேட்டரை விட்டதும் ஸ்லைடு டக்கென்று கீழே விழுகிறதா என்று, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பத்து முறை சோதித்துப் பார். மேலேயே சிக்கிக்கொண்டால் வண்டி உன்னையும் இழுத்துக்கொண்டு சுவரில் மோதும்.

நாம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு ஏறியபோது அது புகைந்து இழுக்காமல் போனது உனக்கு நினைவிருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, பெட்ரோல் மிகுந்துவிட்டது. நீ இருக்கும் கனடாவின் வின்னிபெக் குளிரில் இது நேர்மாறாக நடக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கூடுதல் பெட்ரோல் கேட்கும். கொடுக்காவிட்டால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எத்தனை டிகிரிக்கு எந்த ஜெட் என்று வண்டியின் கையேட்டில் அட்டவணை இருக்கும், பார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும், அதன் வழியே காற்று கூடுதலாகப் புகுந்து இதே கேடுதான்.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய உன் தாத்தாவின் கை உனக்கு வந்திருக்கிறது என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஆனாலும் தொடங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துச் செய்தாய் என்பது எனக்கு வருத்தம்தான்.

நீ ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது படித்தபோது, ஆர்எக்ஸின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாய். மறுநாள் அப்புச்சி ஊர்க் காதுகுத்துக்குப் போகும்போது, சென்னிமலை ரோட்டில் வண்டி கரும்புகை தள்ளி நின்றுவிட்டது. பின்னால் வேனில் வந்த சொந்தமெல்லாம் பார்க்க உன்னை அறைந்தேன். இனி ஸ்பேனரைத் தொடாதே என்றேன், நீயும் தொடவில்லை. அன்று வண்டி நின்றதற்குக் காரணம் நீ இல்லை, கண்ணு. முந்தைய வாரமே கிளட்ச் ஒயரில் ஒரு பிரியை உருவி, வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைக் குத்தியவன் நான்தான். பித்தளை எளிதில் தேய்ந்துவிடும். துளை விரிந்து, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. பட்டறைக்காரர் ஜெட்டை வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதை யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள்" என்றார். வீட்டுக்கு வந்தேன். நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். உன்னைக் கடந்து போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். இத்தனை வருடமாக அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்பி மட்டும் வேண்டாம். அந்த மேசையும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்துபோய் வெந்நீர் பாய்லரின் சுடரில் பற்றிக்கொள்ளும். கதவைச் சாத்திய கராஜில் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓடவிடாதே. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொல். அவள் அங்கே இல்லையென்றால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்து, துண்டிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள். ஐடில் சத்தத்தைக் கேட்டே காற்றுத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா