அந்த நோட்டை அலமாரியிலிருந்து வெளியே எடு, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் நீ அனுப்பிய படத்தை இதுவரை பத்துப் பதினைந்து தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். கையால் தைத்த ஒரு சின்ன நோட்டு. முன் ஓரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று சேராமல் படிக்கட்டு மாதிரி நிற்கின்றன, முதுகில் நூல் ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது, அட்டையின் மூலையில் உன் கட்டைவிரல் ரேகை பசையோடு அப்படியே பதிந்து காய்ந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. "கடையில் வாங்கியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் சித்தி, அலமாரிக்குள்ள போட்டுட்டேன், யார்கிட்டயும் காட்டாதீங்க."

படத்தை யாரிடமும் காட்டவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் உன்னிடம் கேட்டுவிட்டு எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் இப்படிச் செய்ததை அலமாரிக்குள் தள்ளிவிட்டு அப்புறம் ஊசியையே தொடாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

முதலில் அந்தப் படிக்கட்டு. அது உன் தவறே இல்லை. பல தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் உள்ளே இருக்கும் தாள் வெளித்தாள்களின் தடிமன் அளவுக்கு முன்னால் தள்ளப்பட்டே தீரும். பைண்டிங் செய்கிறவர்கள் தைத்து முடித்த பிறகுதான் முன் ஓரத்தை வெட்டிச் சமன் செய்வார்கள். கடை நோட்டில் அந்தப் படி இல்லாததற்குக் காரணம் அதை வெட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

அடுத்தது, நோட்டு மூடி நிற்காமல் தானாக வாயைத் திறக்கிறது என்றாயே. ஒரு ஏ4 தாளை எடுத்து மடிக்காமல் லேசாக வளைத்துப் பார், முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். மரக்கூழ் ஓடும் வலையின் மேல் பரவித் தாளாகும்போது, நார்களில் பெரும்பாலானவை அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அதுதான் தாளின் நார்ப்போக்கு. நாம் வாங்கும் ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். 297 மில்லிமீட்டர் நீளத்தைப் பாதியாக மடித்தாய் அல்லவா, அந்த மடிப்பு நார்களை அப்படியே குறுக்கே முறிக்கிறது. அதனால்தான் உன் நோட்டு திமிறுகிறது. அதே தாளை நீளவாக்கில் மடித்திருந்தால் ஒல்லியான, உயரமான ஒரு நோட்டு கிடைத்திருக்கும், மேஜையில் வைத்தால் பேசாமல் மூடிக்கொண்டு படுத்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து தாளைத் தொட்டுக்கொண்டிருந்த எனக்கே, தாளுக்கு ஒரு போக்கு உண்டு என்று தெரிந்தது முதல் நோட்டைத் தைத்த அன்றுதான். அன்றிலிருந்து எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் ஒரு பக்கத்தை லேசாக வளைத்துப் பார்க்கிறேன், முதுகைத் தடவிப் பார்க்கிறேன், தைத்ததா ஒட்டியதா என்று தேடுகிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷம்கூட அப்படி நிறைந்துபோகிறது. "ஒவ்வொரு நாளும் ஒன்றுமே இல்லாமல் போகிறது சித்தி" என்று முன்பு ஒரு இரவு போனில் சொன்னாயே, அப்போது பதில் சொல்லத் தெரியாமல் தூங்கச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நாளில் எல்லாம் இருக்கிறது. நாம் அதில் கை வைக்காமல் கடந்து போகிறோம்.

பொத்தான் தைப்பதையே எடுத்துக்கொள். துணியோடு இறுக்கித் தைத்தால் பொத்தான் உட்காரும், ஆனால் மாட்டும்போது துணியைச் சுருட்டி இழுக்கும். பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதன் மேலேயே நூலை ஓட்டித் தைத்துப் பார். முடித்ததும் குச்சியை உருவினால் நூலில் கொஞ்சம் தளர்ச்சி மிஞ்சும். பொத்தானை மேலே தூக்கி, அடியில் அந்த நூலை நாலைந்து சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் ஒரு சின்னக் காம்பு உருவாகும். மேல் துணியின் தடிமனுக்கு இடம் விடுவது அந்தக் காம்புதான். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்தச் சட்டையை மாட்டும்போதெல்லாம் விரலுக்கு அது தெரியும், எனக்கு அந்த ஒரு நொடி ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, போனில் பார்க்கும் அந்த அழகான நோட்டுகளுக்கு வருகிறேன், நீ ஊசியைக் கீழே வைத்ததற்கு அவைதான் காரணம் என்று நினைக்கிறேன். அவற்றைச் செய்தவர்கள் எத்தனையாவது நோட்டைக் காட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீ பார்ப்பது அவர்களின் விளைவை, அவர்கள் செலவழித்த மாலை நேரங்களை அல்ல. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிஷம் களிமண், வண்ணப் பேனா, காகித ஒட்டுவேலை என்று விருப்பம்போலச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 2016ல் வந்த ஆய்வு. முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. என் மனதில் நின்றது இன்னொரு விஷயம்: முன்பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கைத்திறமை அப்புறம் வரட்டும், அந்த முக்கால் மணி நேரம் முதல் நாளே உனக்குச் சொந்தம்.

மைக்கேல் நார்ட்டன் என்ற ஹார்வர்ட் பேராசிரியரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிதாகக் காகிதக் கொக்கும் தவளையும் மடித்தவர்கள் தங்கள் கோணல் மடிப்புக்குக் கிட்டத்தட்ட நிபுணர்கள் மடித்ததற்கு இணையான விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள், வெளியிலிருந்து பார்த்தவர்களோ அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தருவதாகச் சொன்னார்கள். இதை மனதின் மயக்கம் என்று விளக்குவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மடித்தவருக்குத் தெரிந்த ஒன்று மற்றவருக்குத் தெரியாது, எந்த மடிப்பில் திணறினோம், எப்போது சட்டென்று இறக்கை விரிந்தது என்று. அதையும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார். உன் நோட்டை மற்றவர் கண்ணால் மட்டும் பார்க்காதே என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த நோட்டுக்கு நாலு தாள் போதும். நீளவாக்கில் மடி, நகத்தால் தேய்க்காதே, கரண்டியின் முதுகால் மடிப்பை அழுத்து. மடிப்பில் மூன்று துளை. நூல் நோட்டின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, அதற்கு மேல் எடுத்தால் சிக்கும். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வா, மேல்துளையில் உள்ளே போ, உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வா, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனைகளும் நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் வர வேண்டும், அதை அணைத்து முடிச்சுப் போடு. நூலை மடிப்பின் போக்கிலேயே இழு, உன்னை நோக்கி இழுத்தால் துளை கிழியும். உன் நோட்டில் அந்தத் தளர்ச்சி வந்தது முடிச்சுப் போடும் முன் நூலை இறுக்காததால் என்று நினைக்கிறேன்.

பழைய நோட்டைப் பிரிக்க வேண்டாம். அதன் முதல் பக்கம் அழகான கையெழுத்துக்காகக் காலியாகவே காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீ அப்படித்தான். அதில் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை எழுது, போன் நம்பர் கிறுக்கு, பேனா எழுதுகிறதா என்று சுழித்துப் பார். பாதிப் பக்கம் தீர்ந்ததும் எனக்கு இன்னொரு படம் அனுப்பு.

அன்புடன்,
சித்தி