ஒயிட் சாக்ஸ் நிர்வாகத்தாருக்கு, 121 தோல்வி கண்ட ரசிகன் எழுதுவது

அன்புள்ள உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் அவர்களுக்கும், ஜெனரல் மேனேஜர் கிறிஸ் கெட்ஸ் அவர்களுக்கும், சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் இந்த வாரம் மேசையை ஒழித்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும்,

வணக்கம். இந்த ஊரில் உங்களை ஆங்கிலத்தில் திட்டி எழுதாதவர் யாரும் பாக்கி இல்லை. அதனால் நான் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை, தெரியும். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே கதிதான் என்பதால் எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நேற்று, செப்டம்பர் 29, டெட்ராய்ட்டில் 9-5 என்று ஜெயித்து 2024 சீசனை முடித்தீர்கள். 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. இதுவரை அந்தப் பெருமை 1962-ன் நியூயார்க் மெட்ஸிடம் இருந்தது, 120 தோல்வி. மெட்ஸ் அந்த வருஷம்தான் பிறந்த அணி, பிறந்த குழந்தை விழுந்து எழுவதில் என்ன அதிசயம். நீங்கள் 1901-லிருந்து, மேஜர் லீகின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ஆடுகிறவர்கள்.

பேஸ்பால் தெரியாமல் இதைப் படிக்கும் நம் ஆட்களுக்காக ஒரு கணக்கு: ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் மொத்தமே 14 ஆட்டம். ஒயிட் சாக்ஸ் இந்த ஜூலை 10-லிருந்து ஆகஸ்ட் 5 வரை இடைவிடாமல் 21 ஆட்டம் தோற்றார்கள். மே கடைசியில் தொடங்கிய இன்னொரு வரிசை 14. ஒரு முழு ஐபிஎல் லீக் சுற்றிலும் பூஜ்யம் வாங்கிவிட்டு, அதோடு நிற்காமல் கோடையில் இன்னும் பெரிதாக ஒன்று. ஓக்லண்டில் ஒருவழியாக 5-1 என்று ஜெயித்து 21-ஐ நிறுத்தினார்கள், அடுத்த நாள் தோற்றார்கள், அதற்கு அடுத்த நாள் களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மீதி 45 ஆட்டத்துக்கு கிரேடி சைஸ்மோர் பொறுப்பு மேனேஜர்.

நான் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவன் இல்லை. 2005-ல் இந்த ஊருக்கு வந்து இறங்கிய சில வாரங்களில், அக்டோபரில், மேஜர் லீக் பட்டத்துக்கான இறுதிப் போட்டியாகிய உலகத் தொடரை நீங்கள் ஜெயித்தீர்கள். 1917-க்குப் பிறகு முதல் முறை, 88 வருஷம். எனக்கு ஸ்ட்ரைக் எது பால் எதுவென்றுகூடத் தெரியாது. ரெட் லைன் ரயிலில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தார். ஏதோ துக்கம் என்று நினைத்து நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த நாள் ஆபீசில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து நான் உங்கள் ஆள். சரி, என் விதி.

இப்போது செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். நான் அங்கே இருந்தேன். சான் டியேகோவில் 120-வதைத் தோற்றுவிட்டு, கடைசி மூன்று உள்ளூர் ஆட்டங்களுக்காக வந்திருந்தீர்கள். எதிரில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ், அவர்களுக்கும் இது சரித்திரத்திலேயே மோசமான வருஷம், 99 தோல்வி, பாவம் உங்கள் பக்கத்தில் நின்றதால் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமை இருக்கைகளில் அன்று கூட்டம். எதற்கு? 121-ஐப் பார்க்க. வெளிப்படையாகச் சொல்கிறேன், நானும் அதற்குத்தான் போனேன். 35-வது தெரு நிலையத்தில் இறங்கிப் பாலத்தில் நடக்கும்போதே பலர் கையில் 121 என்று எழுதிய அட்டை. மைதானத்தின் பெயர் கேரண்டீட் ரேட் ஃபீல்ட், ஸ்பான்சர் கம்பெனியின் சின்னம் கீழ்நோக்கிய ஒரு சிவப்பு அம்பு. வட்டி குறையும் என்பதற்காக வரைந்த அம்பாம். இத்தனை வருஷத்தில் அதை ஒருவரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லையா?

என் பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மடியில் ஸ்கோர் அட்டை, கையில் விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் இல்லை, ஒவ்வொரு பேட்டருக்கும் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எதையோ எழுதுகிறார். மூன்று பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனால் ஆங்கில எழுத்து கே ஒன்று. மட்டையைச் சுழற்றாமலே பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனால் அதே கே-யைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி எழுதுகிறார். உங்கள் ஆட்களுக்கு இரண்டு வகையும் தாராளமாக விழுந்தது. ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அட்டையை நான்காக மடித்தார், பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார், கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். ஏழு முடிந்தால் கடை சாத்தியாச்சு, தம்பி, என்கிற பாணியில் ஏதோ சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இந்த சீசனில் ஏழு இன்னிங்ஸ் முடிவில் நீங்கள் பின்தங்கியிருந்த ஆட்டங்கள் அன்றுவரை 94. அதில் ஜெயித்தது ஒன்றுகூட இல்லை.

அப்புறம் எட்டாவது இன்னிங்ஸ் வந்தது. 0-2 என்று கிடந்த அணி மூன்று ரன் எடுத்தது. ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த ஒரு சிங்கிளில் 3-2. அந்த நேரத்தில் மைதானத்தில் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பாதிப்பேர் கத்தினார்கள், கொஞ்சம் பேர் நிஜமாகவே ஊளையிட்டார்கள், வந்த காரியம் கெட்டுப்போயிற்றே என்று. நடுவில் 'செல் த டீம்' என்ற கோஷம் வேறு, அணியை விற்றுத் தொலையுங்கள் என்று உங்களைப் பார்த்து. இது எல்லாம் ஒரே நேரத்தில். பெரியவர் பையைத் தடவிப் பென்சிலை வெளியே எடுத்தார். மடித்த அட்டையை முழங்காலில் வைத்து நீவி நீவி நிமிர்த்தினார், மடிப்பு போகவில்லை, அந்த மடிப்பின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. ஜெயித்ததும் வாணவெடி வெடித்தது. பக்கத்தில் ஒரு குழந்தை பயந்து அழுதது, இந்த வருஷம் உள்ளூரில் அந்தச் சத்தம் அவ்வளவு அபூர்வம்.

மறுநாள் பத்து இன்னிங்ஸ், 4-3, கடைசி அடி மறுபடி பெனின்டெண்டி. அதற்கு மறுநாள் 7-0. மூன்றும் வெற்றி. சாதனைத் தோல்வியைக் காண டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் வெற்றியைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு வீடு திரும்பிய விநோதம் வேறு எந்த ஊரில் நடந்திருக்கும்.

27-ம் தேதி டெட்ராய்ட்டில் 4-1 என்று அந்த 121 வந்தே விட்டது. அதே இரவில், அதே ஆட்டத்தில், டைகர்ஸ் பத்து வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃப் இடத்தைப் பிடித்து அந்தப் பக்கம் ஷாம்பெயின் ஊற்றிக்கொண்டார்கள். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 2003-ல் இதே டைகர்ஸ் 119 ஆட்டம் தோற்றார்கள், அமெரிக்கன் லீக் சாதனை அது, நீங்கள் முறியடிக்கும்வரை. அவர்களும் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்துத்தான் 120-லிருந்து தப்பினார்கள். நீங்களும் கடைசி ஆறில் ஐந்து. அந்த டைகர்ஸ் மூன்றே வருஷத்தில், 2006-ல், உலகத் தொடரில் ஆடினார்கள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கடனை ஞாபகப்படுத்தும் வட்டிக்கடைக்காரன் மாதிரி சொல்கிறேன்.

ஏனென்றால் உங்களுக்குப் பிடித்த வார்த்தை எனக்குத் தெரியும். ரீபில்டிங். அணியைப் புதிதாகக் கட்டுகிறோம், பொறுமையாக இருங்கள். நாங்கள் இதை ஒரு தடவை கேட்டுப் பொறுமையாகவும் இருந்தாகிவிட்டது. 2016 டிசம்பரில் பந்தெறியும் பிட்சர் கிறிஸ் சேலைப் பாஸ்டனுக்குக் கொடுத்து இளம் வீரர்கள் மொன்காடாவையும் கோபெக்கையும் வாங்கினீர்கள். அடுத்த ஜூலையில் கின்டானாவை, அதுவும் ஊரின் வடக்குப் பக்கத்து கப்ஸுக்கே கொடுத்து, ஹிமெனெஸையும் சீஸையும் வாங்கினீர்கள். விளைந்த பயிரை விற்று விதைநெல் வாங்கியது மாதிரி. சரி, விவசாயத்தில் அதுவும் உண்டு என்று இருந்தோம். விளைந்ததா? 2020-லும் 2021-லும் பிளேஆஃப் போனீர்கள், ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லை. அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

இந்த வருஷம் என்ன செய்தீர்கள்? விளைந்ததையும் களத்துமேட்டிலிருந்தே விற்றீர்கள். சீஸ் மார்ச்சில் சான் டியேகோவுக்கு. உங்கள் 21 தோல்வி வரிசையின் நடுவில், ஜூலை 25 அன்று, அவர் அங்கே ஒரு நோ-ஹிட்டர் போட்டார், எதிரணியை ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல். நீங்கள் 120-வது தோற்றதும் அவருடைய அணியிடம்தான். கோபெக் ஜூலை 29-ல் டாட்ஜர்ஸுக்கு, ஹிமெனெஸ் மறுநாள் பால்டிமோருக்கு. மொன்காடா காயத்தோடு மொத்தம் 12 ஆட்டம். ஏழு வருஷப் பொறுமையின் அறுவடை அவ்வளவுதான். இப்போது மறுபடி விதைநெல் வாங்கி வந்திருக்கிறோம் என்கிறீர்கள். அது எந்த வருஷம் அறுவடைக்கு வரும் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

தோற்றால் நல்ல இளம் வீரர் கிடைப்பார் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதுவும் கிடையாது. வருவாய் அதிகமுள்ள ஊர் அணிகள் தொடர்ந்து இரண்டு வருஷம், புது வீரர்களை முதலில் எடுப்பது யார் என்று குலுக்கும் டிராஃப்ட் லாட்டரியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி, போன தடவை நீங்கள் கலந்துகொண்டீர்கள். ஆகவே 121 தோற்றும் 2025-ல் பத்தாவது இடத்துக்கு மேலே எடுக்க முடியாது. தோல்வியைக்கூட ஒழுங்காகத் திட்டம் போட்டுத் தோற்கவில்லை என்றுதான் எனக்கு ஆத்திரம்.

மைதான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய மைதானம் 1991-ல் திறந்தது. கட்டித் தராவிட்டால் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று நீங்கள் மிரட்ட, 1988 ஜூன் 30 நள்ளிரவில், சட்டசபைக் கடிகாரத்தை நிறுத்தி வைத்து ஓட்டுப் போட்டுப் பொதுப் பணம் ஒதுக்கினார்கள். பன்னிரண்டு தாண்டியும் அங்கே பன்னிரண்டு ஆகவில்லை. அந்த மைதானத்தின் குத்தகை 2029 வரை இருக்கிறது. அதற்குள் இந்த பிப்ரவரியில் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய், டவுன்டவுனுக்குத் தெற்கே ஆற்றங்கரையில் புது மைதானம் வேண்டும் என்று நின்றீர்கள். சீசன் தொடங்கும் முன்னாலேயே. அப்புறம் முதல் 25 ஆட்டத்தில் 22 தோற்றால் எந்த எம்எல்ஏ முகம் கொடுத்துப் பேசுவார்? இப்போதைய மைதானத்தில் உட்கார இடம் ஏராளமாக இருக்கிறது, அதை நீங்களே இந்த வருஷம் பார்த்திருப்பீர்கள். மில்க் ஷேக்கும் நன்றாக இருக்கிறது, ஏப்ரலில் ஊரெல்லாம் பேசிய அந்த கேம்ப்ஃபயர் மில்க் ஷேக். பேச வேறு எதுவும் இல்லையே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அணியை விற்கச் சொல்லி நான் கத்தவில்லை, தொண்டை சரியில்லை. கடைசி வாரம் ஆடிய பையன்களைப் பற்றித்தான். அவர்களில் பாதிப்பேரை ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லாத ஆறு நாளில், தோற்பதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால், ஐந்து ஆட்டம் ஜெயித்துக் காட்டினார்கள். உங்கள் திட்டத்தில் இல்லாத காரியம் அது. அவர்களில் யார் இருக்கப்போகிறார்கள், யார் போகப்போகிறார்கள் என்று இந்தத் தடவையாவது நேராகச் சொல்லுங்கள்.

குறிப்பாக பிட்சர் காரட் க்ரோஷே. மார்ச் 28-ல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்து 1-0 என்று தோற்றவர். அதுவரை மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தில்கூட முதல் பிட்சராக இறங்கியிராதவர், இந்த வருஷம் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து ஆல் ஸ்டாரும் ஆனார். 2026 வரை உங்கள் கையில்தான் இருக்கிறார். அவரையும் விதைநெல்லுக்கு மாற்றப்போகிறீர்கள் என்று ஊரே பேசுகிறது.

அடுத்த சீசன் மார்ச் 27-ல் தொடங்குகிறது, உள்ளூரில், அதே ஏஞ்சல்ஸோடு. பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், புது அட்டையோடு. பென்சில் அதேதானாம். அட்டையில் பிட்சர் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல் அடுக்கு, மூன்றாவது பேஸ் பக்கத்து ரசிகன்
சிகாகோ, செப்டம்பர் 30, 2024