ஒரு மைல் என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

“இத்தனை ரூபாவுக்குச் சாமான் வாங்குங்கள், இத்தனை மைல் உங்கள் கணக்கில்” என்று வங்கியும் பேரங்காடியும் விமானக் கம்பனியும் மாறி மாறி அனுப்பும் செய்திகள் இப்போது திருகோணமலையில் அநேகம் பேரின் கைபேசியில் வந்து கிடக்கின்றன. அதைக் காட்டி “இது உண்மைதானா?” என்று பயணச்சீட்டு முகவர் நிலையங்களில் கேட்கிறார்கள். உண்மைதான், மைல் வரும். மைல் என்பது விமானக் கம்பனி நம் கணக்கில் போடும் புள்ளி; சேர்த்துவைத்தால் காசுக்குப் பதிலாக அதைக் கொடுத்துச் சீட்டு எடுக்கலாம். ஒரு மைல் எத்தனை ரூபாவுக்கு வந்து விழுகிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கையும், கணக்குச் சரியாக இருந்தும் மைல் கைநழுவிப் போகிற இடங்களையும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த விஷயத்தில் மன்னன் என்று பேர் எடுத்தவர் கலிபோர்னியாப் பொறியியலாளர் டேவிட் பிலிப்ஸ். 1999இல் ஹெல்தி சொய்ஸ் என்ற அமெரிக்க உணவுக் கம்பனி, தன் பொருள்களின் பட்டைக்குறி பத்தை அனுப்பினால் 500 மைல், முந்திக்கொண்டு அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. மற்றவர்கள் கூடின விலைச் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அதே கம்பனியின் புடிங் கோப்பை 25 சதத்துக்கு விற்பதை இவர் கண்டுபிடித்தார். பத்துக் கோப்பை இரண்டரை டொலர், அதற்கு 1,000 மைல். ஒரு மைல் கால் சதம்! 12,150 கோப்பை வாங்கினார். செலவு 3,140 டொலர், சேர்ந்தது பன்னிரண்டரை லட்சம் மைல். லேபல் கழற்றக் கை போதாமல் புடிங்கைச் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்க, அங்கிருந்த தொண்டர்கள் கழற்றிக் கொடுத்தார்கள். தானம் கொடுத்த கணக்கில் வரிச்சலுகையும் எடுத்துக்கொண்டார். சலுகை எழுதியவர்கள் பொருளின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், விலையைப் பார்க்க மறந்தார்கள். அந்த இடுக்கில் அவர் நுழைந்துவிட்டார்.

அப்படிப்பட்ட இடுக்குகள் நெடுநாள் திறந்திருப்பதில்லை. அமெரிக்க நாணயசாலை ஒரு டொலர் நாணயங்களை அதே விலைக்கு வீட்டுக்கே அனுப்பியபோது, மைல் தரும் கடனட்டையில் பலர் வாங்கி, வந்த நாணயத்தை அப்படியே வங்கியில் போட்டு அட்டைக் கடனை அடைத்து, சும்மா மைல் சேர்த்தார்கள். 2011இல் அட்டையை ஏற்பதையே நாணயசாலை நிறுத்தியது. பறந்த தூரத்துக்கு மைல் என்ற பழைய முறையை அமெரிக்க விமானக் கம்பனிகளில் 2015இல் டெல்டாவும் யுனைட்டட்டும், 2016இல் அமெரிக்கன் எயார்லைன்சும் கைவிட்டு, கொடுத்த கட்டணத்துக்கு மைல் என்று மாற்றின. ஆகவே யூடியூப்பில் பார்த்த பழைய வித்தையை நம்பி இன்று காசைப் போட வேண்டாம்.

இனிக் கணக்கு. போக நினைக்கிற அதே நாளில், அதே விமானத்தில் காசுக்கு எடுத்தால் என்ன விலை என்று முதலில் பாருங்கள். பிறகு மைலுக்கு எடுத்தால் எத்தனை மைல், அதற்கு மேல் வரியும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் எவ்வளவு என்று பாருங்கள். காசு விலையிலிருந்து அந்த வரி, கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தை மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சீட்டு 135,000 ரூபா என்றும், மைலுக்கு 20,000 மைலோடு 60,000 ரூபா வரி என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 75,000. ஒரு மைல் 3 ரூபா 75 சதம் பெறும். “இலவசச் சீட்டு” என்று கேள்விப்பட்டு வருகிறவர்களின் முகம் சுருங்குவது அந்த 60,000ஐக் காணும்போதுதான். மைலுக்கு எடுத்த சீட்டில் பறந்தால் புதிதாக மைல் சேராது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விமானக் கம்பனிகள் மைலை நேரடியாகவும் விற்கின்றன. சாதாரண நாளின் விலைக்கு வாங்கவே கூடாது. வருஷத்தில் பல தடவை, வாங்கும் மைலுக்கு 40 வீதம், 60 வீதம் மேலதிக மைல் என்று போடுவார்கள். சில இடங்களில் 100 வீதத்தையும் தாண்டும். ஆயிரம் மைல் 30 டொலர், 100 வீத மேலதிகம் என்றால் 30 டொலருக்கு 2,000 மைல், ஒரு மைல் ஒன்றரை சதம். டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் 4 ரூபா 50 சதம். வெளிநாட்டு நாணயத்தில் அட்டை போடுவதால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் அதற்கு மேல். 3.75 பெறுமதியான சாமானை 4.50க்கு வாங்கி மலிவு என்று சொல்ல முடியாது. பிஸ்னஸ் வகுப்பில் கதை கொஞ்சம் வேறு. காசு விலை மூன்று நாலு மடங்கு ஏறும்போது மைல் எண்ணிக்கை பல வேளை அந்தளவுக்கு ஏறாது, அங்கே கணக்கு ஒத்துவரலாம். கிண்ணியாவிலிருந்து தோஹாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

வாங்குவதென்றே முடிவானால், முதலில் மைலுக்கு விடப்பட்ட இருக்கை அந்த நாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அவை எண்ணி விடப்படுபவை. ஆடி, ஆவணியிலும் மார்கழி விடுமுறையிலும் கனடா, லண்டன் உறவுகள் வந்துபோகிற காலத்தில் தேடினாலும் அகப்படாது. வாங்கிய மைல் கணக்கில் ஏற இரண்டு மூன்று நாள் எடுப்பதுண்டு, அதற்குள் இருக்கை போய்விடலாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. தங்கம், பிளாட்டினம் என்ற உறுப்பினர் தரத்துக்கு ஏற, வாங்கிய மைல் பெரும்பாலும் உதவாது.

பேரங்காடிப் புள்ளியையும் வங்கிப் புள்ளியையும் மைலாக மாற்றுவதற்கும் இதே தராசுதான். ஒரு புள்ளிக்குக் கடையில் ஒரு ரூபாச் சாமான் கிடைக்கிறது, ஒரு மைலுக்கு மூன்று புள்ளி கேட்கிறார்கள் என்றால் மைல் மூன்று ரூபா. 3.75க்குச் செலவழிக்க வழி தெரிந்தால் மாற்றலாம். தெரியாவிட்டால் அரிசி பருப்பு வாங்கிவிடுவது மேல். மாற்றிய மைலைத் திரும்பப் புள்ளியாக்க முடியாது.

கடனட்டையில்தான் கூடுதல் பேர் வழுக்குகிறார்கள். மைலுக்காகக் குளிர்சாதனப்பெட்டியை அட்டையில் வாங்குகிறவர் முதலில் கடைக்காரரிடம் காசு விலையைக் கேட்க வேண்டும். கையில் காசு என்றால் கழிவு தருவார்கள். அட்டை என்றால் இரண்டரை, மூன்று வீதம் கூட்டிக் கேட்கிற கடைகளும் உண்டு, அப்படிக் கேட்கக் கூடாதென்று மத்திய வங்கி அறிவித்திருந்தும். நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி, புள்ளி ஒரு ரூபா என்றால் உங்களுக்கு வருவது ஒரு வீதம். மூன்று கொடுத்து ஒன்று வாங்குகிறீர்கள். கட்டணத்தை ஒரு மாதம் பிந்திக் கட்டினால் வட்டி இரண்டு வீதத்துக்கு மேல், மிச்சமிருந்ததும் போச்சு. தவணைக்கு மாற்றிய கொள்வனவுக்கும், அட்டையில் எடுத்த ரொக்கத்துக்கும் பல வங்கிகள் புள்ளி கொடுப்பதில்லை. “மும்மடங்கு மைல்” போன்ற சலுகைகளில் பதிவு செய்த பிறகு செய்யும் செலவுதான் எண்ணப்படும். செய்தி வந்தவுடன் கடைக்கு ஓடி, இரவு வீட்டில் இருந்து பதிவு செய்தவருக்கு ஒன்றும் வராது. உச்ச வரம்பு எவ்வளவு, எந்தத் திகதிக்குள் கணக்கில் ஏற வேண்டும் என்ற பக்கத்தை அன்றே படம் பிடித்து வைத்தால் பிறகு வாதாட ஒரு பிடி இருக்கும்.

இவ்வளவு சொல்லியும், நமது மாவட்டத்தில் வீணாகும் மைலில் பெரும்பங்கு காசு கொடுத்து வாங்கியதல்ல. ஏற்கெனவே வாங்கிய சீட்டோடு வந்து, எடுப்பார் இல்லாமல் கிடப்பது. கட்டுநாயக்கவிலிருந்து தோஹாவுக்கு ஒரு வழித் தூரம் சுமார் 2,250 மைல், போய்வர 4,500. தூரத்தை வைத்துக் கொடுக்கும் திட்டமொன்றில் மலிவுக் கட்டண வகுப்புக்கு 25 வீதம்தான் என்றாலும் 1,100க்கு மேல் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோகிற ஒருவருக்கு அது சின்னத் தொகை. ஒரே வீட்டில் மூன்று பேர் வளைகுடாவிலும் ஒருவர் கனடாவிலும் என்றால் அப்படியில்லை. குடும்பக் கணக்கில் ஒன்றாகச் சேர்க்க சில நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன.

ஸ்ரீலங்கன் 2014இலும் கட்டார் எயார்வேஸ் 2013இலும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தவை. ஒன்றில் பறந்ததற்கு மற்றதன் கணக்கில் மைல் போடலாம், ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில் மட்டும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. மைலுக்கு ஆயுசும் உண்டு. ஸ்ரீலங்கனின் மைல் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸில் மூன்று வருஷம். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸிலும் மூன்று வருஷம், முடிவது உங்கள் பிறந்த மாதக் கடைசியில். கட்டாரும் பிரிட்டிஷ் எயார்வேசும் பாவிக்கும் அவியோஸ் என்ற மைல் வேறு மாதிரி. 36 மாதத்துக்குள் ஒரு தடவை சிறிதாகச் சேர்த்தாலோ செலவழித்தாலோ முழுவதும் உயிரோடு இருக்கும். அந்த இரண்டு கணக்கையும் இணைத்தால் அவியோஸை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றவும் முடியும்.

மைல் ஏறாமல் போவதற்கு முதற் காரணம் பெயர். கணக்கில் தலையெழுத்தோடு சுருக்கிப் போட்டிருப்பார்கள், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். கணக்கில் தன் பெயர் குடும்பப் பெயராகவும் சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும் மாறிக் கிடக்கும். ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டு என்றால், முதற்பெயர் இல்லை என்பதற்குச் சீட்டில் ‘எஃப்என்யூ’ என்று அடிப்பதும் உண்டு. கணினிக்கு அது வேறொரு ஆள். கணக்கைக் கடவுச்சீட்டை முன்னால் வைத்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத் தொடங்குங்கள். பெயரின் வாலில் ‘எம்ஆர்’ ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம், அது ‘திரு’தான்.

அடுத்தது மின்னஞ்சலும் தொலைபேசியும். கொமியூனிக்கேஷன் கடையில் போய்க் கணக்குத் தொடங்க, கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார். அல்லது கட்டார் சிம் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்தபின் அந்த இலக்கம் செத்துப்போகிறது. கணக்கைத் திறக்கக் கேட்கும் கடவு எண் அங்கே போகும், கணக்கு இங்கே திறக்காது. “மைல் காலாவதியாகிறது, இங்கே அழுத்துங்கள்” என்று வரும் இணைப்புகளை அழுத்தவே வேண்டாம். உங்கள் மைலைக் காசுக்கு வாங்குகிறேன், கடவுச்சொல்லைத் தாருங்கள் என்று வருகிற தரகர்களுக்கும் கொடுக்க வேண்டாம். மைலை விற்பதை நிறுவனங்களின் விதிகள் தடுக்கின்றன. பிடிபட்டால் கணக்கை மூடுவார்கள், மற்றவர் வைத்திருக்கும் சீட்டும் இரத்தாகும்.

ஏறாத மைலைப் பிறகு கேட்டு வாங்கலாம், கால எல்லைக்குள். அதற்கு 13 இலக்கச் சீட்டு எண் வேண்டும். 603இல் தொடங்கினால் ஸ்ரீலங்கன், 157 கட்டார், 176 எமிரேட்ஸ். போர்டிங் பாஸும் கேட்பார்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் ஒரு மாதம் பணப்பையில் கிடந்தால் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். விமானத்தில் ஏறமுன் படம் எடுத்துவிடுங்கள். அதில் உள்ள ஓரெழுத்துக் கட்டண வகுப்பையும் பாருங்கள். குழுக் கட்டணத்திலும் தொழிலாளர் கட்டணத்திலும் எழுதிய சீட்டுகளில் சிலவற்றுக்கு மைலே இல்லை, எத்தனை தடவை எழுதிக் கேட்டாலும் வராது.

இங்குள்ள முகவர் நிலையங்களுக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவு எழுதும்போது பயணியிடம் மைல் கணக்கு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டுப் பதிவு செய்யும் அமேடியஸ் கணினி முறையில் அது ஒரே ஒரு வரி, ‘எஃப்எஃப்என்’, நிறுவனக் குறி, எண். சீட்டு வெளியிடமுன் அதைப் போட அரை நிமிடம் போதும். பயணிகளும் கடவுச்சீட்டுப் படியைக் கொடுக்கும்போதே அதன் மூலையில் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டுத் துறையில் பணிபுரியும் வாசகர்,
திருகோணமலை.