செற்றை விற்காதே மச்சான்

அன்புள்ள மச்சான்,

சனிக்கிழமை பின்னேரம் நீ அனுப்பிய மெசேஜில் இரண்டே விஷயம்: கோல்ப்பில் 104 அடித்தாய், உன் மட்டைச் செற் என்ன விலைக்குப் போகும். விலை கேட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. இதை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதக் காரணம் உண்டு. வேலை, கலியாணம், பிள்ளைகள் என்று எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு கோல்ப் தொடங்கி, ஸ்கோர் கார்டைப் பார்த்தே மனம் விட்டுப்போனவர்கள் கொழும்பில் நீ ஒருத்தன் மட்டுமில்லை.

உன் கார்டின் போட்டோவைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு பார் 4 ஹோலில், அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியில், 11. அதுதான் உன்னை இரவிரவாக அரித்திருக்கும். ஆனால் அந்த 11ஐ, ஆட்டக்காரரின் திறமைக்கேற்பச் சலுகை அடி கொடுக்கிற ஹாண்டிகப் கணக்கு ஏற்பதே இல்லை, தெரியுமா? 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹாண்டிகப் முறையில் ஒவ்வொரு ஹோலுக்கும் ஓர் உச்ச எல்லை இருக்கிறது. பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் உனக்குக் கிடைக்கிற சலுகை அடிகள். உன்னுடைய ஹாண்டிகப் 28க்கு 18 ஹோலிலும் ஒவ்வொன்று, கடினமான 10 ஹோல்களில் மேலும் ஒவ்வொன்று. நீ மாட்டுப்பட்டது கடினத்தில் முதலாவது ஹோல். 4ம் 2ம் 2ம் 8. நீ 15 அடித்திருந்தாலும் பதியப்படுவது 8தான்.

அதுமட்டுமில்லை. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ எடுத்துத்தான் உன் ஹாண்டிகப் வருகிறது. மற்றப் பன்னிரண்டையும் விட்டுவிடுவார்கள். இதை நான் முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உன் நல்ல நாட்களை வைத்து உன்னை அளக்கிற விளையாட்டு இது. நீயோ ஒரே ஒரு கெட்ட நாளை வைத்துச் செற்றை விற்கப் பார்க்கிறாய்.

இனி நாங்கள் மொத்த அடி எண்ண வேண்டாம், ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுவோம். பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டொக்டர் 1932இல் இங்கிலாந்தின் வொலசி கிளப்பில் கொண்டுவந்த முறை. சலுகை அடிகளைக் கழித்தபின் பார் என்றால் 2 பொயிண்ட், ஒன்று கூடினால் 1, இரண்டு கூடினால் பூச்சியம். நீ அந்த ஹோலை 6இல் முடித்தாலே 2 பொயிண்ட். ஏழாவது அடியும் குழிக்குள் விழவில்லையா, பந்தைப் பொறுக்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோல் தொடங்குகிற ரீக்கு நட. பின்னால் வருகிறவர்களும் காத்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. முதல்நாள் மழையில் ஊறிய நிலத்தில் பந்து புதைந்து கிடக்க, அதைத் தோண்டி எடுக்கவே மூன்று அடி போனது என்றாய். பந்து தான் விழுந்த பள்ளத்திலேயே புதைந்தால் அடி சேராமல் எடுத்து, துடைத்து, முழங்கால் உயரத்திலிருந்து பக்கத்தில் விடலாம். மணல் பங்கருக்குள்ளும், குளம் ஓடை போலத் தண்ட அடி விழுகிற பகுதிக்குள்ளும் அந்தச் சலுகை இல்லை. விதிகளைப் படி மச்சான், அவை தண்டிக்க மட்டும் எழுதப்பட்டவை அல்ல.

சரி, கணக்கை விடு. நான் இந்த விளையாட்டை விடாமல் இருப்பதற்குக் காரணம் கிரீன், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய அந்தப் புல்தரை. போன மாதம் என் மட்டைப் பையைத் தூக்கி வருகிற கெடி ஒரு விஷயம் காட்டினார். குழியின் விளிம்பைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது, எதிர்ப்பக்கம் புல் நுனி பிய்ந்து மண் தெரிந்தது. புல் அந்தப் பிய்ந்த பக்கமாகத்தான் சாய்ந்து வளர்கிறதாம். பிறகு என்னைப் பந்துக்குப் பின்னால் நிற்கவைத்தார். பாதை மினுங்கினால் புல் உன்னை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, மெல்லத் தட்டினாலே பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிர்ப்புல், கொஞ்சம் கூட அடிக்க வேணும். எங்களுடைய வெக்கையில் வளர்கிற புல்லுக்கு இது மிகவும் பொருந்தும். அதன் பிறகு ஒவ்வொரு கிரீனும் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. பந்தைக் குழிக்கு உருட்டுகிற பட்டிங்குக்கு உடல் பலமும் வேண்டாம், இளமையும் வேண்டாம், பார்க்கப் பழகினால் போதும். ஹோலுக்கு இரண்டு பட் என்று வைத்துத்தான் பார் வகுக்கிறார்கள், அப்படியென்றால் பார் 72இல் 36 பட். பாதி ஆட்டம் அங்கே இருக்க, நீ பயிற்சி றேஞ்சில் தூர அடிக்கிற டிரைவர் மட்டையையே விளாசிக்கொண்டிருக்கிறாய்.

இது காசுக்காரரின் விளையாட்டு என்று உன் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பையில் 14 கிளப், அதாவது மட்டை, என்பது உச்ச வரம்பு, கட்டாயம் இல்லை. ஏழோடு தாராளமாக ஆடலாம்.

றோயல் கொழும்பு கோல்ப் கிளப்பின் மைதானமான ரிட்ஜ்வே லிங்க்ஸ் நடுவால் களனிவெளி ரெயில் போவதை நீயும் பார்த்திருக்கிறாய். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய கிளப், 1896இல் பொரளைக்கு வந்தது, 1928இல் றோயல் பட்டம் பெற்றது. அங்கே ரெயில் கடக்கும் வரை அடிக்காமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசலில் தொங்குகிற சனம் எங்களைப் பார்க்கும், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். அந்த நேரத்தில் போன ஹோலில் எத்தனை அடித்தேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வாற சனிக்கிழமை வெள்ளன வா, வெயில் ஏற முதல் தொடங்குவோம். அரை மணித்தியாலம் முந்தி வந்தால் பட்டிங் கிரீனில் அந்த விளிம்பைக் காட்டுகிறேன். ஏழு கிளப் மட்டும் கொண்டுவா, டிரைவரை வீட்டில் வை. ஸ்டேபிள்ஃபோர்ட்தான். தோற்கிறவர் பிளேன்ரீயும் மீன் ரோல்ஸும் வாங்குவார்.

அன்புடன்,
உன் மச்சான்