ஆண்டறிக்கை 2025–26: பறவைக் கணக்கெடுப்பும் ஒருங்கிணைப்பாளர் பயிற்சியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகத் தாக்கல் செய்கிறார். ஆண்டு முழுவதும் நடந்த பறவை நடைகளின் தேதிவாரிப் பட்டியல் இணைப்பில் உள்ளது. அதை இங்கே மறுபடி வாசிக்கவில்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. பறவையை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். பத்துப் பேரைச் சேர்த்து, பார்த்த பறவைகளின் பட்டியல் ஒன்றை ஒழுங்காகப் பதியவைத்து, அந்தப் பத்துப் பேரையும் அடுத்த முறையும் வரவைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

நம் நாட்காட்டி நெருக்கமானது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது 1987 முதல் நடப்பது. பின்னது 2015இல் தமிழகப் பறவையாளர்கள் தொடங்கியது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பு, நவம்பரில் பறவையியலாளர் சாலிம் அலி நினைவுக் கணக்கெடுப்பு. இவற்றில் சேரும் பட்டியல்கள் எங்கே போகின்றன என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களைப் பாதுகாப்பில் உயர் முன்னுரிமைக்கு உரியவை என்றது. அதற்கு அடிப்படை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் இட்ட சுமார் 3 கோடிப் பதிவுகள். ஏரிக்கரையில் நின்று ஒருவர் அழுத்தும் பொத்தானுக்கு இவ்வளவு தூரம் பயணம் உண்டு.

பட்டியல் பயிற்சி

அந்த அறிக்கையின் கணக்கு, முழுமையான பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்பதை வைத்து ஓடுகிறது. ஆகவே பட்டியலை முடிக்கும்போது ஈபேர்ட் செயலி கேட்கும் ‘இது முழுமையான பட்டியலா’ என்ற கேள்விக்குச் சரியான பதில் தரத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறது. ஒரு சாரார் அடக்கத்தால் ‘இல்லை’ என்கிறார்கள்: புதருக்குள் ஓடிய ஒன்றை அடையாளம் காண முடியவில்லையே என்ற கவலை. அது தேவையில்லை. கண்ணால் கண்டோ காதால் கேட்டோ நமக்கு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தால் பதில் ‘ஆம்’தான். இன்னொரு சாரார் காகத்தையும் மைனாவையும் தவிட்டுக்குருவியையும் ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று விட்டுவிட்டு ‘ஆம்’ போடுகிறார்கள். இந்த இரண்டாவது தவறு ஆபத்தானது. இருக்கிற காகம் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறது.

பயிற்சியில் நாம் வைத்திருக்கும் அளவு இது: ஒரு பட்டியல் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது, நடை 2 கிலோமீட்டருக்குள். அதற்கு மேல் போனால் குளமும் வயலும் ஊர்த்தெருவும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். வரைபடத்தில் குத்திய புள்ளி எதையும் குறிக்காது. போன வழியிலேயே திரும்பினால் தூரத்தை ஒரு வழிக்கு மட்டும் எழுத வேண்டும். 30 மீட்டருக்குள் நின்று பார்த்தது ‘நிலையான’ பட்டியல். எண்ணிக்கை போட முடியாதபோது மட்டுமே எக்ஸ் குறி. தோராயமான எண்கூட எக்ஸைவிட மேல்.

கைப்பேசியில் அடிக்கடி வரும் தொல்லை, பேட்டரி சேமிப்பு வசதி செயலியின் இடக்கணிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவது. வளைந்து நடந்த வழி நேர்க்கோடாகவும் தூரம் குறைவாகவும் பதிவாகும். அமைப்புகளில் ஈபேர்ட் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் சரியாகும். மலையிலும் சதுப்பிலும் சிக்னல் கிடைக்காது என்பதால் தமிழ்நாட்டுப் பறவைப் பெயர்த் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்; திரும்பி வந்து இணையம் கிடைத்ததும் அனுப்பலாம்.

குழுவாகப் போகும்போது ஒருவர் மட்டும் பட்டியல் எழுத வேண்டும். முடிந்ததும் மற்றவர்களோடு பகிர வேண்டும். எட்டுப் பேரும் தனித்தனியே எழுதி அனுப்பினால் ஒரே செண்பகம் எட்டுத் தனிப் பட்டியல்களில் ஏறும். அந்த இடத்தில் செண்பகம் மிகச் சாதாரணம் என்று கணக்கு சொல்லும். பகிர்ந்ததை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் விடுவதும் வழக்கம். அன்று மாலையே ஒரு நினைவூட்டல் போனால் பெரும்பாலோர் ஏற்றுவிடுகிறார்கள்.

அரிய பறவை என்று செயலி குறி காட்டினால் குறிப்பு எழுத வேண்டும். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்பது குறிப்பு ஆகாது. அளவு எதனோடு ஒப்பிட்டது, அலகும் காலும் என்ன நிறம், எந்த ஒத்த இனத்தை எதனால் தள்ளினீர்கள் என்பவைதான் பதிவைச் சோதிக்கும் ஈபேர்ட் சரிபார்ப்பாளருக்கு வேண்டியவை. பெரிய கொக்கு என்று எழுதினால் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று சேர்க்கலாம். நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். சரிபார்ப்பாளர் கேள்வி கேட்பது மின்னஞ்சலில். யாரோ ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேராது, பதிவு உறுதியாகாமலே கிடக்கும். எனவே கணக்குத் திறக்கும்போதே தாம் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைக் காட்டும் மெர்லின் செயலியின் ஒலி அடையாளத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே இரண்டு கட்சி. சங்கத்தின் நிலை: அது காட்டும் பெயர் தேடத் தொடங்குவதற்கு ஒரு துப்பு, அவ்வளவே. பறவையைப் பார்த்தோ குரலைத் தாமே அறிந்தோ உறுதிப்படுத்தாமல் பட்டியலில் ஏற்றக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் அக்கம்பக்கத்துப் பறவைகள் எல்லாவற்றையும் போலக் கத்தும். மனிதரே ஏமாறும் இடத்தில் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீர்ப்பறவைகளை எண்ணுதல்

ஏரி எல்லை ஆண்டுதோறும் ஒன்றாக இருக்க வேண்டும். வடகரையை ஓராண்டு சேர்த்து மறு ஆண்டு விட்டால் எண்ணிக்கை குறைந்ததா, எல்லை குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு நீர்நிலைக்கும் நிற்கும் இடங்கள் குறித்த வரைபடம் ஒன்றை அச்சிட்டு, அதன் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

பெருங்கூட்டத்தை மதிப்பிடப் பழக அரிசியே போதும். 200 முதல் 500 வரை எண்ணிவைத்த மணிகளைக் கறுப்புத் தாளில் சிதறவிட்டு, ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, எத்தனை என்று கேட்பது. பெரும்பாலோர் குறைத்தே சொல்வார்கள். கூட்டம் பெரிதாக ஆகக் குறைவும் அதிகமாகும். அடுத்த கட்டம், ஓர் ஓரத்தில் 20 மணிகளை எண்ணி, அந்தப் பரப்பை மனத்தில் வைத்து மொத்தத்தில் எத்தனை முறை அது அடங்கும் என்று பார்ப்பது. நடுவில் எண்ணத் தொடங்கினால் தவறும். கூட்டத்தின் நடுப்பகுதி எப்போதும் நெருக்கமாகத்தான் இருக்கும். களத்தில் இருவர் தனித்தனியே எண்ணி, வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுபடி எண்ண வேண்டும். பருந்து வந்து கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அந்தப் பகுதியின் கணக்கை அதோடு நிறுத்திவிட்டு, பறவைகள் இறங்கிய பின் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் பயிற்சி

அறிவியல் சமூகங்களை நிர்வகிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அமெரிக்காவின் அறிவியல் கூட்டுழைப்பு, சமூக ஈடுபாட்டு மையம் (சிஎஸ்சிசிஇ) என்ற அமைப்பு பயிற்சி தருகிறது. அத்தகையோருக்கு வேண்டிய 45 திறன்களை அது ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. தொழில்நுட்பம் அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவை மனிதரோடு பழகுதல், தகவல் தொடர்பு, திட்டங்களை உருவாக்குதல், அவற்றை நடத்துதல். புதிய செயலி ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டந்தோறும் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

உறுப்பினரின் ஈடுபாட்டுக்கு அவர்கள் தரும் படிநிலையும் நமக்குப் பொருந்துகிறது: முதலில் செய்தியைப் பெறுபவர், பிறகு பங்களிப்பவர், அடுத்து மற்றவரோடு சேர்ந்து உழைப்பவர், கடைசியில் திட்டத்தையே சேர்ந்து உருவாக்குபவர். நம் வாட்ஸாப் குழுவில் பெரும்பாலோர் முதல் படியில் இருக்கிறார்கள். அது குறையல்ல, எந்தச் சமூகத்திலும் அப்படித்தான். ஆனால் இரண்டாம் படிக்கு ஏறச் சிறியதொரு வேலை வேண்டும். ‘யாராவது உதவுங்கள்’ என்று பொதுவில் போட்டால் யாரும் வருவதில்லை. ‘ஞாயிறு காலை நேரத்தையும் தூரத்தையும் நீங்கள் குறித்துத் தர முடியுமா’ என்று ஒருவரைத் தனியே கேட்டால் வருகிறார்கள்.

இதன்படி ஒவ்வொரு நடைக்கும் மூன்று பொறுப்பு: வழிநடத்துபவர், பட்டியல் எழுதுபவர், புதியவர்களை வரவேற்பவர். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்னால் வருபவர்களுக்கு எதுவும் கேட்காது, அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள், பறவை போய்விடும். முப்பது பேர் வந்தால் மூன்று குழுவாக வெவ்வேறு கரையிலிருந்து கிளம்ப வேண்டும். வரவேற்பாளரின் முதல் வேலை இருநோக்கியைச் சரிசெய்து தருவது: வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கி, பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புவது. இது தெரியாமல் காலை முழுவதும் மங்கலாகப் பார்த்துவிட்டுப் போகிறவர் திரும்ப வருவதில்லை.

குழுவில் ‘இது என்ன பறவை’ என்று வரும் படத்துக்குப் பதில் சொல்லும் முறையும் பயிற்சியில் உண்டு: பெயர், அதைக் காட்டும் ஓர் அடையாளம், குழப்பக்கூடிய இன்னோர் இனம். வெறும் பெயரை வீசினால் கேட்டவர் எதையும் கற்பதில்லை. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற தொனி வந்தால் நிர்வாகிகள் உடனே தலையிட வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஆனால் கூட்டின் படமோ ஆந்தை அடையும் மரத்தின் இடமோ எந்த வடிவிலும் வேண்டாம். பறவையை வரவழைக்கக் குரலை ஒலிக்கவிடுவதும் சங்க நடைகளில் கிடையாது.

நடத்தை விதிகளை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். விதி இருப்பதைவிட, புகாரை யாரிடம் சொல்வது என்பது தெரிந்திருப்பது முக்கியம். இருள் பிரியாத நேரத்தில் கூடும் நடைகளுக்குப் பெண்கள் தயக்கமின்றி வர வேண்டுமானால், புகார் பெறும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நடை நடத்துபவரே புகாரை விசாரிக்கக் கூடாது.

பதிவேடுகள், கருவிகள்

பதிவுப் படிவத்தின் விரிதாள் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/01 என்பது மார்ச் 1 ஆகிவிடும்; பொங்கல் நேரத்துத் தேதிகள் எல்லாம் இப்படிச் சிதறும். அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டே படிவத்தைத் திறக்க வேண்டும். தொலைபேசி எண் நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றாவிட்டால் +91 என்று தொடங்குவதை விரிதாள் கூட்டல் கணக்காக எடுத்துக்கொள்ளும்.

ஆவணங்கள் தனிநபர் கூகுள் கணக்கில் இருப்பது பெரிய அபாயம். அவர் ஊர் மாறினால் சாவி அவரோடு போகும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழிக்கவும் செய்யலாம். இனி எல்லாம் சங்கக் கணக்கில். கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டோர் குழந்தைகள். பள்ளி மாணவரின் விவரம் எதையும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் சேகரிக்க வேண்டாம்.

இரவல் தருவதற்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 இருநோக்கிகளே ஏற்றவை. பத்து மடங்கு வாங்கலாம் என்ற யோசனை வந்தது. புதியவர் கையில் அது நடுங்கும். வடகிழக்குப் பருவமழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்க வேண்டும். தோல் உறை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் உறையோடு வைக்கக் கூடாது.

பேரவையின் ஒப்புதலுக்கு மூன்று முன்மொழிவுகளை வைக்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவருக்குப் பதில் இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள்; இருவரின் பதவிக்காலமும் ஒரே ஆண்டில் முடியாதபடி அமைக்க வேண்டும். வலசைக் காலம் தொடங்குமுன், செப்டம்பருக்குள், அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. அதில் பாதி நேரம் களத்தில். பொறுப்பு மாறும்போது வரைபடம், தொடர்பு எண்கள், கருவிப் பதிவேடு ஆகியவற்றைக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளராகப் பெயர் தர விரும்புவோர் இன்றே பதிவேட்டில் எழுதலாம். பறவை பெயர்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செயலாளர்