தோற்றவனையும் கீழிருந்து எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். கேமரா கோணங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் படித்தேன். கீழிருந்து எடுத்தால் ஆள் அதிகாரம் படைத்தவன், மேலிருந்து எடுத்தால் அபலை என்று சூத்திரமாகவே எழுதிவிட்டார் கட்டுரையாளர். இதை நம்பும் பையன்கள்தான் மாப்பிள்ளையின் மூக்குத் துவாரத்தைப் படம்பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

கீழ்க்கோணத்துக்கு அவர் காட்டும் உதாரணம் 'சிட்டிசன் கேன்' (1941) என்ற அமெரிக்கப் படம். அதில் கேமரா மிகத் தாழ்வாக இறங்குவது எந்த இடத்தில்? கதாநாயகன் கேன் தேர்தலில் தோற்ற இரவில். இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் தரையை உடைத்துப் பள்ளமாக்கி, கேமராவை அதற்குள் இறக்கி எடுத்தார்கள். ஆள் பிரம்மாண்டமாகத்தான் தெரிகிறார். ஆனால் எல்லாம் கைவிட்டுப் போன ஆள்.

தவிரவும், கேமராவைத் தாழ வைப்பது வேறு, தாழ வைத்து அண்ணாந்து பார்க்க விடுவது வேறு. 'டோக்கியோ ஸ்டோரி' (1953) எடுத்த ஜப்பானிய இயக்குநர் ஓசு கேமராவைத் தரைக்குப் பக்கத்திலேயே வைத்தார்; அண்ணாந்து பார்க்க விடவில்லை. பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த வயதான தம்பதிக்கு எதிரே நாமும் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். கட்டுரை இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் முடிவில் படுகளம் நடக்கும். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில். ட்ரோனை ஏற்றினால் முழு உருவமும் வரும், கூட்டமும் வரும். (இப்போது விழாக் குழுவினர் முதலில் கேட்பதே ட்ரோன் உண்டா என்றுதான்.) ஆனால் துரியோதனன் தரையில் போட்ட கோலமாகிவிடுவான். நான் கால்மாட்டில் குந்தி எடுப்பேன். பீமன் வேடக்காரர் கதாயுதத்தைத் தூக்கும்போது துரியோதனனின் தொடை திரையில் பாதியை மறைத்து நிற்கும். மண்ணைப் பூசியவரின் விரல் தடம்கூடத் தெரியும். முகமோ எங்கோ தூரத்தில், சின்னதாக. வீழ்ந்தவனைக் கீழிருந்துதான் எடுக்கிறேன், அதிகாரமா தெரிகிறது? அடி எங்கே விழப்போகிறது என்பது தெரிகிறது. பாஞ்சாலி கூந்தல் முடியும் நேரத்தில் எழுந்துவிடுவேன்: முகத்துக்கு நேராக, கேமராவை அசைக்காமல்.

அடுத்த பகுதி வருமானால் லென்ஸ் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். கிட்ட நின்று அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு துருத்தும், பின்னணி விலகிப்போகும். தள்ளி நின்று, தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் பின்னணி முதுகோடு வந்து ஒட்டிக்கொள்ளும். கோணம் மாறவே இல்லை, ஆனால் முகம் சொல்லும் சேதி மாறிவிடுகிறது.

படங்களையும் தயவுசெய்து பெரிதாக அச்சிடுங்கள். தபால்தலை அளவு ஸ்டில்லில் நாங்கள் கோணத்தை எங்கே தேடுவது?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.