முதலை முட்டையின் மேல் விழும் நிழல்

இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா ஆணையத்தாருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா ஏரிக்கரையில் முட்டையிடும் நைல் முதலைகளின் பொருட்டு இம்மடலை எழுதுகிறேன்.

நைல் முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டையிடும்போதே முடிவாவதில்லை. கூட்டின் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது. சுமார் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை ஆண் குஞ்சுகள் மிகுதியாகப் பிறக்கின்றன. அதற்குக் கீழே பெண் குஞ்சுகளே. தாய் முதலையோ வெயில் விழும் வெட்டவெளியாகப் பார்த்துக் குழி பறிக்கிறது. அந்த வெளியைத்தான் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த குரோமோலீனா புதர் மூடுகிறது. உங்கள் ஏரிக்கரையிலேயே நடந்து 2001இல் வெளியான ஆய்வு, புதர் நிழலில் 25 செ.மீ. ஆழத்து மண், வெயில்படும் மண்ணைவிட 5 முதல் 6 டிகிரி குளிர்ந்திருப்பதை அளந்து காட்டியது. அந்தக் குளிர்ச்சியில் கரு வளராமலே போகலாம். வளர்ந்தாலும் பெண் குஞ்சுகளே மிகும். தோண்டும்போது நார்வேர்ப் பின்னல் தட்டுப்பட்டதும், பறித்த குழியைப் பாதியில் விட்டுத் தாய் முதலை விலகிப் போவதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

பல பத்தாண்டுகள் வாழும் விலங்கு இது. இன்று ஆண் குஞ்சுகள் குறைந்தால், நாளை விமானத்திலிருந்து தலைகளை எண்ணுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. குஞ்சுகள் பருவமடையப் பத்தாண்டுக்கு மேலாகும், அதற்குள் கரை முழுவதும் புதராகிவிடும். ஆகவே தலைக்கணக்குடன் கூட்டுக் குழிகளின் வெப்பநிலையையும் ஆண்டுதோறும் பதிந்து வெளியிட வேண்டுகிறேன்.

பூங்காவில் களையெடுப்பு நடப்பதை அறிவேன். என் வேண்டுகோள் அதன் வரிசையைப் பற்றியது. சுற்றுலாப் பாதையோரங்களைவிடக் கூடு அமையும் கரைகளுக்கு முதலிடம் தாருங்கள். குரோமோலீனா உங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் பூத்து, பிறகு காற்றில் விதை பரப்புகிறது. முதலைகள் முட்டையிடத் தொடங்குவதோ நவம்பரில். எனவே பூக்குமுன் ஒருமுறை வெட்ட வேண்டும். எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பரவியிருக்கும் செடி இது. வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதை நாங்கள் பட்டறிந்திருக்கிறோம். ஆகவே அக்டோபருக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து துளிர்களையும் அகற்றுங்கள். அதன்பின், ஏறக்குறைய மூன்று மாதம் கூட்டை விட்டகலாமல் காவல் கிடக்கும் தாயருகே குஞ்சு பொரிக்கும்வரை எவரையும் கத்தியோடு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர் ஒருவர்